சேலத்துச் செம்மண்ணில் அமெரிக்கக் கால்பந்து: ரப்பரா, செயற்கைத் தோலா, அசல் தோலா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சேலத்தில், கூர்முனைப் பந்தைக் கையில் அணைத்து ஓடும் அமெரிக்கக் கால்பந்தோ, ஆளைச் சாய்க்காமல் இடுப்புப் பட்டையை உருவி ஆடும் அதன் வடிவமான ஃபிளாக் ஃபுட்பாலோ பழகப் போகிற குழு வாங்க வேண்டியது நடுத்தர விலையில் வரும், தையல் போட்ட செயற்கைத் தோல் பந்து. ரப்பர் பந்து மழை நாளுக்கும் சரளை கிடக்கும் மைதானத்துக்கும் ஒன்று இருந்தால் போதும். அசல் தோல் பந்து இந்த ஊருக்கு வேண்டாம்.

இந்தப் பந்துகளுக்கு இணையத்தில் வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை எறிபவரின் கையிலிருந்து எழுதப்பட்டவை. நன்றாகச் சுழல்கிறதா, நேராகப் போகிறதா, பந்தின்மேல் கோத்திருக்கும் நாடா விரலுக்குப் பிடிமானமாக இருக்கிறதா என்பதோடு முடிந்துவிடும். அதே பந்தை வாங்கிக்கொண்டு நாலு பேர் மேலே விழ விழ ஓடுகிற ரன்னிங் பேக்குக்கு, அதாவது ஓட்டக்காரருக்கு, வேண்டியதை யாரும் பேசுவதில்லை. சேலம், ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்திலிருந்து இந்த ஆட்டத்துக்கு வருகிறவர்களில் கபடி ஆடியவர்களே அதிகம். காலை மாற்றி வைத்து ஆளை ஏமாற்றவோ, இடுப்பைத் திருப்பிப் பிடியிலிருந்து வழுக்கி வெளியேறவோ அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடி முடிக்கும்போது பந்து கையில் இருப்பதில்லை, அதுதான் சிக்கல். ஆகவே இங்கே அளவுகோல் ஒன்றே ஒன்று: மோதலில் பந்து கையில் நிற்கிறதா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமென்றால் அது டிக்கி பார்பர்தான். 1975 ஏப்ரல் 7 அன்று பிறந்தவர், வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் ஊரில் வளர்ந்தவர். ரோண்டே பார்பர் இவருடைய இரட்டைச் சகோதரர். இருவரும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆடிவிட்டு 1997இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார்கள். புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் டிக்கியை நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி இரண்டாம் சுற்றில் 36ஆவது ஆளாக எடுத்தது. உயரம் 178 செ.மீ., எடை சுமார் 91 கிலோ. இந்த வேலைக்குச் சிறிய உடம்பு என்று சொல்லி, முதல் சில ஆண்டுகள் அவரை முழுநேர ஓட்டக்காரராக வைக்கவில்லை. முக்கியமான கட்டங்களில் வந்து பந்தைப் பிடிப்பதும், எதிரணி உதைத்தனுப்பும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதும்தான் வேலை.

2000இல் முதன்முறையாக ஒரே பருவத்தில் பந்தோடு ஓடிய தூரத்தில் 1,000 யார்டைத் (ஒரு யார்டு சுமார் 0.91 மீட்டர்) தாண்டினார். கூடவே ஒரு கெட்ட பெயரும் ஒட்டிக்கொண்டது. 2000இல் 9 முறை, 2001இல் 8, 2002இல் 9, 2003இல் 9 என்று பந்தை நழுவவிட்டார். எல்லா வகை நழுவலும் சேர்த்து நான்கு பருவங்களில் 35. ஆட்டத் தமிழில் இதை ஃபம்பிள் என்றே சொல்கிறோம். ஓட்டக்காரர் கையிலிருந்து பந்து விழுந்தால் எதிரணி அதை எடுத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் உழைத்து முன்னேறியதெல்லாம் ஒரு நொடியில் போய்விடும்.

2004இல் டாம் காஃப்லின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அவரும் ரன்னிங் பேக் பயிற்சியாளர் ஜெரால்ட் இங்ரமும் பார்பரின் ஓட்டத்தைத் தொடவில்லை, பிடியை மட்டும் மாற்றினார்கள். அதுவரை உடம்பைவிட்டுத் தள்ளி, தாழ்வாக, படுக்கைவாட்டில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், அதை நிமிர்த்தி, மணிக்கட்டு முழங்கைக்கு மேலே இருக்கும்படி நெஞ்சோடு அணைத்து ஓடப் பழகினார். 2004இல் நழுவல் 5 ஆகக் குறைந்தது. 2005இல் 357 முறை பந்தோடு ஓடி, 54 முறை பந்தைப் பிடித்து, மொத்தம் 411 முறை பந்து கைக்கு வந்த ஒரு பருவம் முழுக்க நழுவியது ஒரே ஒரு முறை. 2006இல் 3. இந்த மூன்று பருவங்களிலும் ஓட்டம் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். முந்தைய நான்கு பருவங்களில் 961 ஓட்டங்கள். பிடி மாறிய பிந்தைய மூன்றில் 1,006. சுமை கூடியும் நழுவல் நான்கில் ஒன்றாகிவிட்டது. 2004இல் 1,518 யார்டு, 2005இல் 1,860, 2006இல் 1,662 என்று அவருடைய மிகச் சிறந்த மூன்று ஆண்டுகளும் இவைதான். பந்து நழுவும் என்ற பயம் போனதும் ஓட்டமும் துணிந்துவிட்டது என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம்.

பந்து அப்போதும் அதே பந்துதான், அதே வில்சன் தோல். அப்படியானால் எந்தப் பந்து நல்லது என்று இங்கே எதற்கு ஆராய்ச்சி? பார்பருக்கு அளவு சரியாக இருந்தது, காற்று சரியாக இருந்தது, மேற்பரப்பு சரியாக இருந்தது. பிடி மட்டும் பாக்கி. இங்கே கிடைக்கும் பந்துகளில் முதல் மூன்றுமே சரியாக இருப்பதில்லை. உப்பிய பந்திலும் முனை மழுங்கிய பந்திலும் பழகும் கை தவறான பிடியையே பழகும். அது பிறகு சரியான பந்து வந்தாலும் போகாது.

பிடியைச் சொன்னால்தான் பந்தைச் சோதிப்பது புரியும். பந்து உடம்பில் ஐந்து இடத்தில் அழுந்த வேண்டும். முன் கூர்முனையை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே விட்டு, விரல்களை விரித்து முனையை மூட வேண்டும், இது ஒன்று. உள்ளங்கை இரண்டு. முன்கை முழுவதும் பந்தின் வயிற்றின்மேல் படிய வேண்டும், மூன்று. பின்முனை முழங்கை மடிப்புக்கும் மேற்கைத் தசைக்கும் நடுவே புதைய வேண்டும், நான்கு. ஐந்தாவது விலா. மணிக்கட்டு தாழ்ந்தால் முனை வெளியே தெரியும். எதிராளி கீழிருந்து ஒரு குத்து விட்டால் பந்து பின்பக்கமாகத் துள்ளிவிடும். மணிக்கட்டு உயர்ந்திருந்தால் அவர் கையைப் பிடித்து இழுக்கும் இழுப்பே பந்தை முழங்கை மடிப்புக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும். பயிற்சியாளர்கள் இதை ஒரு மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இந்த இயந்திரவியல்தான் காரணம்.

இனி பந்தின் அளவு. முழு அளவுப் பந்தின் நீளம் 11 முதல் 11.25 அங்குலம், அதாவது 27.9 – 28.6 செ.மீ. நீளவாட்டுச் சுற்றளவு 71.1 – 72.4 செ.மீ. இடுப்புச் சுற்றளவு 53.3 – 54 செ.மீ. எடை 397 – 425 கிராம். காற்று 12.5 – 13.5 பிஎஸ்ஐ (காற்று மானியில் காட்டும் அழுத்த அளவு). இவற்றில் ஓட்டக்காரருக்கு முக்கியமானது இடுப்புச் சுற்றளவுதான். தையல்காரர் நாடாவைப் பந்தின் நடுவில் சுற்றி 54ஐத் தாண்டினால், முன்கை முழுதாகப் படியாது. மூன்றாவது அழுத்தம் போய்விடும். பந்து வந்ததும் காற்றடித்து, ஒரு இரவு வைத்துவிட்டு அளந்து பாருங்கள். அன்றைக்கே அளந்தால் சரியாக இருக்கும், மறுநாள் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கும். மலிவான உறையின் உள்துணி அப்படித்தான் இழுபடும். மளிகைக்கடை மின்தராசில் எடையும் பார்த்துவிடுங்கள். 425ஐத் தாண்டினால் கை சீக்கிரம் ஓய்ந்து மணிக்கட்டு தாழும்.

ரப்பர் பந்தில் தொடங்கலாம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான். தையலும் நாடாவும் பார்வைக்கு இருக்கும்; எல்லாம் அச்சில் வார்த்தவை. எறிபவருக்கு இது பெரிய குறை, ஓட்டக்காரருக்கு அவ்வளவாக இல்லை. அவருக்குக் குறை முனையில் இருக்கிறது. வார்ப்பில் முனை மழுங்கி, விரல்கள் மூட இடமில்லாமல் வழுக்கிக்கொண்டே போகும். கீழே விழும் பந்து எப்போதும் முனையில் குத்தித்தான் விழும் என்பதால், மேற்பரப்பில் இருக்கும் புள்ளி மேடுகள் முதலில் தேய்வதும் அங்கேதான். சரளை மைதானத்தில் நடுப்பகுதி புதிதுபோல இருக்கும்போதே முனை கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். வியர்வை பட்டால் நிலைமை இன்னும் மோசம். கோடையில் வெயிலில் கிடந்தால் ரப்பர் இளகி உப்பும். ஒரு வருடம் வெயில் பட்டால் நாடாவை ஒட்டி மெல்லிய கீறல்கள் விழும். மழையில் மட்டும் இதை மிஞ்ச ஆளில்லை. சேற்றோடு குழாயடியில் காட்டிக் கழுவலாம், நீர் குடித்து எடை கூடாது, தைப்பதற்கு எதுவும் பிரியாது.

அடுத்தது செயற்கைத் தோல். விலை ரப்பரைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஆகும். இதில் இரண்டு ரகம் உண்டு: உறையின் நான்கு துண்டுகளையும் தைத்தது, பசையால் ஒட்டியது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கைக்கு வந்ததும் துண்டுகள் சேரும் பள்ளத்தைக் கட்டைவிரலால் லேசாக விரித்துப் பாருங்கள். நூல் தெரிந்தால் தையல். நாடாவின் இரு பக்கமும் அழுத்திப் பாருங்கள். தைத்த பந்தில் உள்ளே இருக்கும் காற்றுப்பை சற்று நகர்வது விரலுக்குத் தெரியும். ஒட்டிய பந்து சேலத்து வெயிலுக்குத் தாங்காது. பசை இளகியதும் காற்று பலவீனமான ஓரத்தைத் தேடிப்போகும். ஒரு பக்கம் வயிறு தள்ளிவிடும். வயிறு தள்ளிய பந்துக்கு வைத்தியம் கிடையாது. மேஜைமேல் படுக்க வைத்துச் சுழற்றிவிட்டால் தள்ளாடுவதை வைத்துத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம். அப்போதே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

தைத்த பந்தின் பலம் முனை. துண்டுகள் கூராகச் சேருவதால் இரண்டு விரல்களுக்கு நடுவே முனை உட்கார்ந்துகொள்ளும். மேற்பரப்பு காய்ந்த கையிலும் லேசாக வியர்த்த கையிலும் ஒரே மாதிரி ஒட்டும். எட்டுப் பேரை நாலு நாலாக இரண்டு வரிசையில் எதிரெதிரே நிறுத்தி, நடுவே ஓடுபவரின் பந்தை அடித்தும் பிடுங்கியும் பார்க்கச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. அதில் ரப்பருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: ரப்பர் முனைவழியே முன்னால் பீறிட்டுப் போகும், இது நழுவினாலும் பெரும்பாலும் முழங்கை மடிப்பிலேயே மாட்டிக்கொள்ளும், மற்ற கையால் அணைத்துக் காப்பாற்ற ஒரு கணம் கிடைக்கும்.

பலவீனம் தண்ணீர். தையல் வழியாக ஈரம் உள்துணிக்குப் போனால் பந்து கனக்கும், காய நாளாகும், காயுமுன் மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். மேல்பூச்சு உரிவதும் உண்டு. அதுவும் முனையில்தான் தொடங்கும். சிமென்ட் தளத்தில் போட்டு விளையாடினால் சீக்கிரமே வந்துவிடும். நாடாவின் முடிச்சு தளர்ந்தால் அந்த இடம் மேடாகும், ஆனால் இதைச் சரிசெய்யலாம். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, நாடாவை ஒரு முனையிலிருந்து வரிசையாக இறுக்கி மறுமுனையில் முடிந்து, முடிச்சை உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு காற்றடிக்க வேண்டும். காற்றோடு இறுக்கப் பார்த்தால் நாடாத் துளை கிழியும். காற்றுப்பை போனாலும் தைத்த பந்தில் நாடாவை அவிழ்த்து மாற்ற வழியுண்டு. மெழுகு நூல் கொடுத்தால் செருப்பு தைப்பவரே பிரிந்த ஓரத்தைத் தைத்துக் கொடுத்துவிடுவார். ஒட்டிய பந்தில் இந்த வசதி எதுவும் இல்லை.

அசல் தோல் பந்தைப் பற்றி ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வரிகள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளுக்கு 1941 முதல் வில்சன்தான் பந்து செய்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் ஏடா என்ற சிற்றூரில் தொழிற்சாலை. நான்கு மாட்டுத்தோல் துண்டுகளை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்து, நாடாத் துளை வழியாகப் புரட்டி, காற்றுப்பையைச் செருகி நாடா கோப்பார்கள். 'தி டியூக்' என்று பந்தின்மேல் இருக்கும் பெயர் ஜயன்ட்ஸ் உரிமையாளர் வெலிங்டன் மாராவின் செல்லப்பெயர். 1969க்குப் பிறகு நின்றுபோன அந்தப் பெயர், அவர் 2005 அக்டோபர் 25 அன்று இறந்தபின், 2006இல் பந்துக்குத் திரும்பியது. பார்பரின் கடைசிப் பருவமும் அதுதான். மாரா இறந்த பிறகு நடந்த முதல் ஆட்டத்தில், 2005 அக்டோபர் 30 அன்று, வாஷிங்டன் அணிக்கு எதிராக பார்பர் 206 யார்டு ஓடினார். ஜயன்ட்ஸ் 36–0 என்று வென்றது.

அந்தத் தோல் புதிதில் மெழுகுப் பூச்சோடு வழுக்கும். அணிகளின் சாமான் பொறுப்பாளர்கள் அதைத் தூரிகையால் தேய்த்து மெழுகை எடுத்து ஆட்டத்துக்குப் பழக்குவார்கள். அப்படிப் பழகிய தோலுக்கு ஈடான பிடி எதற்கும் இல்லை, உண்மை. ஆனால் அது புல்தரைக்கான பொருள். இங்குள்ள செம்மண்ணும் சரளையும் தோலின் புள்ளிகளைச் சுரண்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நனைக்கும், ஏற்காட்டு மூடுபனி நனைக்காமலே ஈரப்படுத்தும். இறக்குமதிச் செலவோடு பத்தாயிரத்தைத் தாண்டும் பொருளை இதற்கு ஆளாக்குவது வீண். தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மிருதுவாகும் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தடவினால் தோலும் பாழ், பிடியும் பாழ்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். மலையும் சமவெளியும் அருகருகே இருக்கும் ஊர் இது என்பதால், மற்ற ஊர்களில் எழாத ஒரு சிக்கல் இங்கே எழும். காற்று மானி காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்தை அல்ல, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டை. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இந்த உயரத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ குறையும். அஸ்தம்பட்டியில் 13 வைத்துக் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏரிக்கரையில் மானியைச் செருகினால், உயரத்தின் கணக்கில் மட்டும் 15 காட்ட வேண்டும். மலைக்குளிர் எதிர்ப்பக்கம் இழுக்கும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் பந்தில் சுமார் 0.9 பிஎஸ்ஐ குறையும். கூட்டிக் கழித்தால் 14க்கு அருகே நிற்கும். விதி அனுமதிப்பது 13.5 வரைதான். கல்லுப்போல் இறுகிய பந்து விலாவில் அமுங்காது; மேலே போனதும் பிடி மோசமாகிவிட்டது என்று ஆட்டக்காரரைத் திட்டுவதற்கு முன் காற்றை ஒரு பாயிண்ட் இறக்கிப் பாருங்கள். இதையே மறுபக்கம் யோசியுங்கள்: ஏற்காட்டில் 13க்குச் சரிசெய்த பந்து சேலத்துக்கு இறங்கினால் 12 பக்கம் வந்துவிடும், தொளதொளவென்று இருக்கும். மலை முகாம் முடிந்து மறுநாள் நகரத்தில் பயிற்சி என்றால் மறுபடி காற்றடிக்காமல் எடுக்காதீர்கள்.

சமவெளியிலேயே காலைக்கும் மதியத்துக்கும் வேறுபாடு உண்டு. சித்திரை மாதம் விடியற்காலை 26 டிகிரியில் 13 வைத்தால், மதியம் 39 டிகிரியில் 14ஐத் தாண்டும். வண்டி டிக்கியில் பூட்டிவிட்டு வெயிலில் நிறுத்தினால் இன்னும் ஏறும். ஒட்டிய பந்துகள் ஓரம் பிரிவது பெரும்பாலும் மைதானத்தில் அல்ல, டிக்கியில்தான். ஆடப்போகும் நேரத்தில், ஆடப்போகும் இடத்தில், கால்மணி நேரம் நிழலில் கிடக்கவிட்டு அளப்பதே சரி. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2015 ஜனவரி 18 அன்று நடந்த பேட்ரியட்ஸ் – கோல்ட்ஸ் அணிகளின் ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பந்துகளில் காற்று குறைவு என்று எழுந்த வழக்கில், குளிரால் எவ்வளவு குறையும், ஆள் இறக்கியது எவ்வளவு என்று இயற்பியலாளர்கள்வரை வாதம் போனது. பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், டாம் பிரேடிக்கு நான்கு ஆட்டம் தடை விழுந்தது.

டயர் கடை கம்ப்ரசரில் பந்துக்குக் காற்றடிக்க வேண்டாம். கார் டயர் கணக்கில் 30க்கு மேல் பழகிய இயந்திரம் 13இல் நின்று நிதானமாக வேலை செய்யாது. ஒரு நொடி அதிகம் விட்டால் தையல் விரியும். கைப்பம்பும் தனி மானியும் போதும். ஊசியைத் தண்ணீரிலோ கிளிசரினிலோ நனைத்து, நேராக, திருகாமல் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வின் ரப்பரைக் கிழித்துவிடும், கோணலாகச் செருகிய ஊசி வால்வையே உள்ளே தள்ளிவிடும். காற்று மெல்ல இறங்குகிறது என்ற சந்தேகம் வந்தால், ரப்பர் பந்தை வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பாருங்கள். செயற்கைத் தோலை அமுக்காதீர்கள், வால்வில் மட்டும் ஒரு சொட்டுச் சோப்புநீர் விட்டால் தெரிந்துவிடும்.

சுத்தம் செய்ய ஈரத்துணியும் மென்மையான தூரிகையும் போதும். செம்மண் தூசி புள்ளி மேடுகளுக்கு இடையே அடைந்துகொள்வதுதான் பிடி குறையக் காரணம். பயிற்சி முடிந்ததும் உலர்ந்த தூரிகையால் ஒரு முறை தட்டிவிட்டாலே பாதி வேலை முடியும்.

கபடிக்காரர்களிடம் பந்தைக் கொடுக்கும்போது எதிர்பார்க்க வேண்டிய தவறுகள் மூன்று. இவை பந்தின் குறைகள் அல்ல. பந்தைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புமுன் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, விழும்போது கையை ஊன்றுவது. ரெய்டருக்கு இரண்டு கையும் காலி. விழுந்தால் உள்ளங்கை தானாகத் தரையைத் தேடும். பந்து இருக்கும் கை ஊன்றினால் பந்து போய்விடும். தோளிலும் இடுப்பிலும் விழப் பழக்க வேண்டும், மற்ற கை பந்தின்மேல் வர வேண்டும். இரண்டாவது, நடுக்கோட்டைத் தொடக் கையை நீட்டும் பழக்கம். நாலு பேர் பிடித்திருக்க, விரல்நுனியால் கோட்டைத் தொட்டு மீள்வது கபடியில் கைதட்டல் வாங்கும் வேலை. இங்கே கோல் கோட்டை நோக்கிப் பந்தை நீட்டினால் ஐந்து அழுத்தங்களில் நாலு அந்த நிமிடமே போய், ஒரு உள்ளங்கை மட்டும் மிஞ்சும். மூன்றாவது, சுழலும்போது கை விரிவது. சுழற்சியே பந்தை வெளியே தள்ளும். திரும்புவதற்கு ஒரு அடி முன்பே மற்ற கை பந்துக்கு வந்துவிட வேண்டும். இவற்றோடு, பந்து எப்போதும் எதிராளிக்குத் தூரமான கையில், பக்கக்கோட்டை ஒட்டிய கையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுச் சரிவுகளில் பந்தோடு மேடேறி ஓடுவது இந்தப் பிடிக்கு நல்ல சோதனை. மூச்சு வாங்கும்போது முதலில் தாழ்வது மணிக்கட்டு. சிகாகோ பேர்ஸ் அணியின் வால்டர் பேட்டன் மேட்டில் ஓடி உடம்பை வளர்த்தவர் என்று பெயர் வாங்கியவர். 13 பருவங்களில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் தவறவிட்டார். அவருக்கே 3,838 ஓட்டங்களில் 16,726 யார்டு சேர்த்த கதையில் நழுவல்களும் ஏராளம். ஆக, கால் பலம் வேறு, பிடி வேறு.

ஃபிளாக் ஃபுட்பால் மட்டும் ஆடப்போகிறவர்களுக்கு இவ்வளவு வேண்டுமா என்று கேட்கலாம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட பிறகு இங்கும் பலர் கேட்பது அந்த ஆட்டத்தைத்தான். பக்கத்துக்கு ஐந்து பேர். இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் ஓட்டம் முடிந்தது. பந்தைப் பிடுங்கக் கூடாது. ஆகவே எதிராளியின் குத்தைத் தாங்கும் பிடி தேவையில்லை. ஆனால் பந்து தரையில் விழுந்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும். பந்தைத் தாழ்வாக இடுப்போரம் பிடித்து ஓடினால் கை பட்டையை மறைக்கிறது என்று தண்டனையும் வரும். உயர்த்திய பிடி இங்கும் உதவுகிறது. ஃபிளாக்குக்கும் செயற்கைத் தோலே போதும்.

சிறுவர்களுக்கு முழு அளவைக் கொடுக்காதீர்கள். 6 முதல் 9 வயதுக்கு மிகச் சிறியது, 9 முதல் 12க்கு ஜூனியர், 12 முதல் 14க்கு யூத், அதற்கு மேல் முழு அளவு என்பது பொதுவான வகைப்பாடு. வயதைவிடக் கையைப் பாருங்கள். விரல்கள் முனையை மூடிய நிலையில் பின்முனை முழங்கை மடிப்புக்குள் வர வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு அளவு குறையுங்கள். சிறிய கை கொண்ட பெரியவர்களும் பயிற்சிக்கு யூத் அளவை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடையில் கேட்டால் பெரும்பாலும் ரக்பி பந்தை எடுத்து நீட்டுவார்கள். அதில் நாடா இருக்காது, முனை உருண்டையாக இருக்கும், இடுப்புச் சுற்றளவு 58 செ.மீ.க்குக் குறையாது. இரண்டு கையால் ஏந்தி ஓடுவதற்கானது. ஒரு கைப் பிடிக்கு உதவாது. ஆர்டர் செய்து வரவழைத்துத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளில், வந்ததைப் பிரித்து அளந்து பார்த்துவிட்டுத்தான் பணம் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பார்பரின் மீதிக் கதையையும் சொல்லிவிடலாம். 2006 டிசம்பர் 30 அன்று, லீக் சுற்றின் கடைசி ஆட்டத்தில், வாஷிங்டனுக்கு எதிராக 234 யார்டு ஓடி அணியை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனார். 2007 ஜனவரியில் ஈகிள்ஸிடம் 23–20 என்று தோற்றதோடு, 31 வயதில், உச்சத்தில் இருக்கும்போதே விலகினார். மொத்தம் 10,449 யார்டு. கிலோமீட்டரில் ஒன்பதரைச் சொச்சம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் ஒவ்வொரு யார்டும் ஆள்மேல் மோதி வாங்கியது. அவர் போன அடுத்த பருவமே, 2008 பிப்ரவரியில், ஜயன்ட்ஸ் சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றது. அவருக்கு அந்தக் கோப்பை கிடைக்கவில்லை. சகோதரர் ரோண்டேவுக்கு 2003இலேயே கிடைத்திருந்தது. டிக்கி தொலைக்காட்சிக்குப் போனார், 2011இல் திரும்ப ஆட முயன்றார், எந்த அணியும் எடுக்கவில்லை. ரோண்டே 2023இல் இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களுக்கான கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். டிக்கி இன்னும் இல்லை. வாழ்நாள் நழுவல் கணக்கு 53. அதில் 44 பிடி மாறுவதற்கு முன்பு.

பத்துப் பேர் குழுவுக்கு எங்கள் பட்டியல் இது: தைத்த செயற்கைத் தோல் முழு அளவு மூன்று, ரப்பர் ஒன்று, கைப்பம்பு ஒன்று, 20 பிஎஸ்ஐக்குள் தெளிவாகக் காட்டும் மானி ஒன்று, தூரிகை, தையல்காரர் நாடா. ஊசி மட்டும் அரை டஜன் வாங்குங்கள். வாலிபால் ஊசியே இதற்கும் பொருந்தும், எந்த விளையாட்டுச் சாமான் கடையிலும் கிடைக்கும். எப்படியும் தொலையும்.